கடைப் பிரிண்டரை இனி நானே பார்த்துக்கொள்கிறேன்

கண்ணு,

தாளைத் திருப்பிப் பார்க்காதே. முதலில் இந்தப் பக்கத்தைப் படி. பின்பக்கம் அச்சாகியிருப்பது என்ன என்று நானே சொல்கிறேன், அவசரப்படாதே. இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான் பாதி சொல்வதற்குள் "சரிங்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்று நீ முடித்துவிடுவாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. அதற்காகவே உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேற்று கட்டட ஓனர் கடைக்கு வந்தார். வந்தவர் எனக்கும் சேர்த்து டீ சொன்னார். அந்த மனுஷன் தன் காசில் டீ வாங்கிக் கொடுத்தால் ஏதோ விஷயம் இருக்கிறது என்று அர்த்தம். "ஏனுங்க அம்மிணி, தம்பி போன் பண்ணுச்சுங்க. கல்யாணம் முடிஞ்சதும் கடையைக் காலி பண்ணிக்கறோம்னு சொல்லுச்சு. நீங்களும் ஓசூருக்கே போறீங்களாமுங்களே. நல்லதுங்க. கரண்டு போய் வந்தா பிரிண்டரு ஓடறதில்ல, அம்மாவால தனியாச் சமாளிக்க முடியலைன்னு தம்பி வருத்தப்பட்டுச்சு" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் கடையை நான் காலி செய்யப்போகிறேன் என்பது எனக்கே அப்போதுதான் தெரிகிறது. ஆனாலும் அவர் முன்னால் உன்னை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. "ஆமாங்க, பேசிட்டு இருக்கோமுங்க" என்று சொல்லி டீயைக் குடித்தேன். அவர் அந்தப் பக்கம் போனதும் எனக்கு வந்த கோபத்துக்கு நீ எதிரில் இல்லாதது உன் நல்ல நேரம்.

உன் மேல் குறை மட்டும் சொல்லப்போவதில்லை. உன் அப்பா போன பிறகு, மலை மேல் செம்மேடு பஸ் ஸ்டாண்டு எதிரில் ஒரு பழைய ஜெராக்ஸ் மிஷினை வைத்து நான் ஆரம்பித்த கடை இது. இதைக் கம்ப்யூட்டர் கடையாக்கியவன் நீ. மலையில் இருக்கிற பென் டிரைவ் எல்லாம் நம் கடை வழியாகத்தான் போய் வரும். ஊரில் உள்ளவர்களின் வைரஸ் எல்லாம் நம் கம்ப்யூட்டரில்தான் குடியிருந்தது. நீ காலேஜில் படிக்கும்போது ஒரு தீபாவளி லீவில் வந்து, எல்லாவற்றையும் துடைத்துவிட்டு லினக்ஸ் போட்டாய். "பழகிட்டா ஒண்ணும் தெரியாதுங்கம்மா" என்றாய். பழகிவிட்டது. வைரஸ் தொல்லையும் ஒழிந்தது. அடுத்த லீவில் ரவுட்டர் ஒன்றை வாங்கி வந்து முன்பக்க லாஃப்டில் வைத்து, மூன்று கம்ப்யூட்டரும் ஒயர் இல்லாமல் ஒரே பிரிண்டரில் அடிக்கிற மாதிரி செய்தாய். 'கடை' என்று கம்ப்யூட்டரில் பிரிண்டருக்குப் பெயரும் வைத்தாய். முதல் பக்கம் அடித்து வந்தபோது நான் அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டேன், நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

தொந்தரவு ஆரம்பித்தது நீ ஓசூர் போன பிறகுதான். இங்கே மழை தூறினாலே கரண்டு போகும் என்பது உனக்குத் தெரியும். போய் வந்ததும் பிரிண்டர் ஊமையாகிவிடும். பச்சை விளக்கு எரியும், பேப்பர் இருக்கும், மை இருக்கும். அடித்தால் ஒன்றும் வராது. உனக்குப் போன் போடுவேன். நீ அங்கிருந்தே நம் கம்ப்யூட்டருக்குள் வருவாய். "கையை எடுங்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்பாய். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். திரையில் அம்புக்குறி தானாக ஓடும். நம் மலையிலேயே அரியூர் நாட்டுப் பக்கமிருந்து நிலத்துக்குச் சிட்டா எடுக்க வந்த ஒரு அம்மா அதைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இது என்ன தானா நவுருதுங்க?" என்று பேயைப் பார்த்த மாதிரி எழுந்து நின்றுவிட்டாள். "பயப்படாதீங்க, எம்பையன் ஓசூர்ல இருந்து நவுத்தறான்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். ஆனால் நீ என்ன செய்தாய், ஏன் செய்தாய் என்று ஒரு தரமும் சொன்னதில்லை. கேட்டால், "அது உங்களுக்கு எதுக்குங்கம்மா, இனிமே ஓடும்" என்பாய். ஓடும். அடுத்த மழை வரைக்கும் ஓடும்.

போன வாரம் ஒரு நாள் மத்தியானம் அதே கதை. மழை, கரண்டு போனது, வந்தது. பெரக்கரை நாட்டிலிருந்து ஒருவர் மகளோடு வந்து நின்றார். அந்தப் பெண்ணுக்கு நர்சிங் காலேஜில் இடம் கிடைத்திருக்கிறது. மறுநாள் காலையில் சேலத்தில் போய்ச் சேர வேண்டும், இடம் ஒதுக்கிய உத்தரவைக் காகிதத்தில் கொண்டுபோக வேண்டும். போனிலிருந்து எடுத்து அடித்தேன். வரவில்லை. அடுத்த கம்ப்யூட்டரில் அடித்தேன். வரவில்லை. எதிரில் கீழே இறங்குகிற பஸ் நிற்கிறது, டிரைவர் ஏறி உட்கார்ந்துவிட்டார். உனக்குப் போட்டேன், மீட்டிங்கில் இருப்பதாக மெசேஜ் வந்தது. அந்த மனுஷன் தலையில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, "அம்மிணி, இந்த வண்டியை உட்டா இன்னைக்குக் கீழ எறங்க முடியாதுங்க. புள்ளைக்கு சீட்டு போயிருமுங்க" என்றார். அந்தப் பெண் பையை மார்போடு அணைத்துக்கொண்டு பிரிண்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள். வேறு வழி தெரியாமல் சுகந்திக்குப் போன் போட்டேன்.

நீ கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணுக்கு, கல்யாணத்துக்கு முன்னால், வேலை சொல்லிப் போன் போடுகிறோமே என்று கூச்சமாகத்தான் இருந்தது. உன் ஆபீஸிலேயே உன்னைப் போல கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற வேலைதானே அவளுக்கும், ஏதாவது தெரிந்திருக்கும் என்று ஒரு நம்பிக்கை. கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். உன்னைப் போலத் தானே உள்ளே வந்து செய்துவிடுவாள் என்று நான் பழக்கத்தில் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன். அவள் வரவில்லை. "பதட்டப்படாதீங்க அத்தை. பிரிண்டர்ல பச்சைப் பட்டன் இருக்குதுங்களா? அதைக் கொஞ்ச நேரம் அமுக்கிப் புடிங்க" என்றாள். பிடித்தேன். ஊமையாக இருந்த பிரிண்டர் தன்னைப் பற்றித் தானே ஒரு பக்கம் அடித்துத் துப்பியது! நம் கடையில் இத்தனை வருஷமாக இருக்கிறது, அதற்கு இப்படி ஒரு வித்தை தெரியும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அதில் விலாசம் என்று ஒரு எண் இருக்கும், படியுங்கள் என்றாள். நூற்று அறுபத்தொன்பது என்று ஆரம்பித்தேன். "போதுங்க அத்தை. அது ரவுட்டரு குடுத்த விலாசம் இல்லைங்க. எனக்கொரு விலாசம் குடுன்னு கேட்டுப் பாத்திருக்கு, ஆரும் பதில் சொல்லல. அதுவா ஒண்ணு வெச்சுக்கிச்சு. கம்ப்யூட்டரு பழைய விலாசத்துல போய்க் கதவைத் தட்டிட்டு இருக்குது" என்றாள். எனக்கு உடனே புரிந்துவிட்டது. கண்ணு, இது அவ்வளவுதானா? இதையா என்னிடம் சொல்ல முடியாமல் போயிற்று?

பிரிண்டரை அணைத்துப் போடச் சொன்னாள். திரும்பவும் பட்டனைப் பிடித்து அடித்தேன். இந்த முறை ரவுட்டர் கொடுத்த எண் வந்தது. பிறகு பிரௌசரில் பிரிண்டர்களின் பக்கத்தைத் திறக்கச் சொன்னாள். திறந்தால் வரிசையாக நிற்கிறது: கடை, கடை-2, கடை-3 என்று திரை முழுக்க. "இத்தனை பிரிண்டருங்களா அத்தை?" என்றாள். "பிரிண்டரு ஒண்ணுதான் கண்ணு, பேருதான் இத்தனை" என்றேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. விலாசம் மாறும்போதெல்லாம் பழையதை அப்படியே விட்டுவிட்டு நீ புதிதாக ஒன்றை உண்டாக்கிக்கொண்டே போயிருக்கிறாய். "முதல்ல வெச்ச கடை ஒண்ணு போதுங்க அத்தை. அதுல விலாசத்தை மட்டும் மாத்துங்க" என்றாள். பாஸ்வேர்டு கேட்டது. நீ எப்போதோ எனக்குச் சொல்லி வைத்தது, உன் பிறந்த நாள். போட்டேன். எண்ணை அடிக்கும்போது அவசரத்தில் ஒரு புள்ளியை விட்டுவிட்டேன். ஓடவில்லை. அவள் தப்பு என்று சொல்லவில்லை. "அடிச்சதை ஒருக்கா படிச்சுக் காட்டுங்க அத்தை" என்றாள். படிக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. திருத்தினேன். உத்தரவைத் திரும்பவும் அந்தக் 'கடை'க்கே அனுப்பி, நிறுத்தி வைத்திருந்ததைத் திரும்பத் தொடங்கு என்கிற பட்டனையும் அழுத்தினேன்.

பிரிண்டர் உயிர் வந்து உறுமியது. ஆனால் வந்தது அந்தப் பெண்ணின் உத்தரவு இல்லை. வேறு என்னவோ ஒரு பக்கம். அதன் பின்னால் அதே மாதிரி இன்னொன்று. அதன் பின்னால் இன்னொன்று. 'கடை' நின்றுபோன நாளிலிருந்து அதில் தேங்கிக் கிடந்ததெல்லாம் வரிசை தப்பாமல் வருகிறது, உத்தரவு கடைசியில் நிற்கிறது. பஸ் ஹாரன் அடித்தது. நான் வாசலுக்கு ஓடி, "கண்டக்டரே, ரெண்டு பேரு வரணுமுங்க, எடுத்துராதீங்க!" என்று கத்தினேன். "எடுக்கலீங்கக்கா, நிதானமா அடிங்க" என்று அவர் படியில் நின்றே கை காட்டினார். கடைசியாக அந்தப் பெண்ணின் பெயர் போட்ட தாள் சூடாக வந்து விழுந்தது. அவர் நன்றி சொல்லவில்லை, அதற்கு நேரமும் இல்லை. தாளைத் துண்டுக்குள் வைத்து மழையில் நனையாமல் மூடிக்கொண்டு ஓடினார். பஸ் படியில் ஏறின பிறகு அந்தப் பெண் மட்டும் திரும்பி என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். சந்தோஷத்தில்தான். போனை வைக்கவே மறந்துவிட்டேன், சுகந்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

அன்று சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். "ஓடுது சரிங்க அத்தை, ஏன் நிக்குதுன்னு பாக்கலாமுங்களா? கரண்டு வந்ததும் மொதல்ல எதைப் போடுவீங்க?" என்றாள். இது என்ன கேள்வி? கரண்டு வந்ததும் யாராக இருந்தாலும் முதலில் சாமி படத்துச் சிவப்பு விளக்கைப் போட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வோம், பிறகுதான் மற்றதெல்லாம். அதைச் சொன்னேன். உடனே, "அந்த விளக்கு இருக்கிற போர்டுல வேற என்னங்க அத்தை சொருகியிருக்கு?" என்றாள். எட்டிப் பார்த்தேன். பிரிண்டர்.

விஷயம் இதுதான் கண்ணு. நீ பிரிண்டரை வைத்தது ஜன்னல் ஓரத்து மேசையில். அங்கே பனி உள்ளே வந்து பேப்பர் ஈரம் ஏறி ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டது. நீ ஓசூர் போன கொஞ்ச நாளில் நான் அதைச் சாமி மூலைக்கு மாற்றிவிட்டேன், அந்த மூலைதான் காய்ந்த இடம். உன்னிடம் சொல்லத் தோன்றவில்லை. கரண்டு போனதும் எல்லா சுவிட்சையும் அணைத்துவிடுவேன்; வந்ததும் ஒரே சுவிட்சில் சாமி விளக்கோடு பிரிண்டர் முதலில் எழுந்துவிடும். உன் ரவுட்டரோ லாஃப்டில் வேறு சுவிட்சில் இருக்கிறது, ஃபேன் எல்லாம் போட்டு முடித்துக் கடைசியில்தான் அதைப் போடுவேன். ரவுட்டர் தூங்கிக்கொண்டிருக்கும்போது பிரிண்டர் விலாசம் கேட்டால் யார் கொடுப்பார்கள்? நீ ஓசூரிலிருந்து வந்து பார்க்கும்போது எல்லாம் எழுந்து உட்கார்ந்திருக்கும், அதனால் உன் கண்ணில் இது படவே வழியில்லை. பாதித் தப்பு சொல்லாமல் மாற்றிய என் மேல், பாதி கேட்காமல் சரி செய்த உன் மேல். மறுநாள் ரவுட்டரைச் சாமி விளக்குப் போர்டுக்குக் கொண்டுவந்தேன், பிரிண்டரை ஃபேன் சுவிட்சுக்கு மாற்றினேன். பழக்கத்தை நான் மாற்றவில்லை, இப்போதும் முதலில் சாமிதான், ஆனால் கூடவே ரவுட்டரும் எழுந்துவிடுகிறது. இந்தப் பிரிண்டருக்கு எப்போதும் இந்த விலாசம்தான் என்று ரவுட்டரிலும் எழுதிவைத்துவிட்டேன். உன் கடை-2, கடை-3 எல்லாவற்றையும் அழித்தாயிற்று. அதற்குப் பிறகு கரண்டு எத்தனையோ தரம் போய் வந்துவிட்டது. பிரிண்டர் ஓடுகிறது.

இப்போது தாளைத் திருப்பிப் பார். அன்று உத்தரவுக்கு முன்னால் வந்து என் உயிரை வாங்கிய பக்கங்கள் இவைதான். எல்லாம் நீ அனுப்பிய சோதனைப் பக்கங்கள். ஓடுகிறதா என்று 'கடை'க்கு ஒரு பக்கம் அனுப்பிப் பார்த்திருக்கிறாய், வராமல் போகவும் புதிதாக ஒன்றை உண்டாக்கியிருக்கிறாய். ஒரு பக்கம் சும்மா இருக்கிறதே, வீணாக்குவானேன் என்று கடிதம் எழுத எடுத்தேன். அப்போதுதான் மூலையில் இருக்கிற தேதிகளைப் பார்த்தேன். சிலது நான் உன்னைக் கூப்பிட்ட நாள்கள். சிலது நான் கூப்பிடவே இல்லாத நாள்கள். ஒன்று, நீ காய்ச்சலில் படுத்திருப்பதாகச் சொன்ன அன்றைக்கு. உனக்கு உடம்பு சரியில்லை, தொந்தரவு செய்ய வேண்டாம் என்று கம்ப்யூட்டரை அணைக்கக்கூட மறந்து கடையைப் பாதி நாளில் மூடிவிட்டுப் போனேன். நீ படுக்கையிலிருந்தே வந்து பார்த்திருக்கிறாய். மலையில் மழை என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அதைப் பார்த்ததும் ஓனர் கிளப்பிவிட்டுப் போன கோபம் பாதி இறங்கிவிட்டது. என் சாமி, நீ பயந்துபோய்த்தான் என்னைக் கீழே கூப்பிடுகிறாய், அது எனக்குப் புரிகிறது. உன் பாசத்தில் எனக்கு ஒரு நாளும் சந்தேகம் இல்லை.

ஆனாலும் நான் வரவில்லை. உன் வீட்டில் ஒரு ரூம் ஒதுக்கியிருக்கிறாய், டி.வி. வாங்கி வைத்திருக்கிறாய் என்று தெரியும். காலையில் எழுந்து நான் அங்கே என்ன செய்வேன்? இங்கே ஷட்டரைத் தூக்கும் முன்பே வாசலில் ஆள் நிற்கும். யாருக்கு சாதிச் சான்றிதழ், யாருக்கு ஹால் டிக்கெட், யாருக்குத் தினைப் பாக்கெட்டுக்கு லேபிள் என்று எனக்குத் தெரியும். எனக்கு முட்டி வலிக்கிறது, சர்க்கரை இருக்கிறது. முடியாமல் போகிற நாள் வந்தால் நானே பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து உன் வாசலில் நிற்பேன், வெட்கப்பட மாட்டேன். அந்த நாளை நீ சொல்லக் கூடாது, நான் சொல்ல வேண்டும். சுகந்தியிடமும் கேட்டேன். "நீங்க வந்தா எனக்குச் சந்தோஷந்தானுங்க அத்தை. அத்தையைக் கேட்டீங்களான்னு அவருகிட்டக் கேட்டேன், அப்பறம் கேட்டுக்கலாம்னாரு" என்றாள். நல்லா இருக்கே கதை! ஓனரைக் கேட்கத் தெரிந்தவனுக்கு அம்மாவைக் கேட்க நேரமில்லை.

கல்யாணம் ஆகப்போகிறது, அதனால் ஒன்றே ஒன்று சொல்லி வைக்கிறேன். பிரிண்டருக்கும் கல்யாணத்துக்கும் முடிச்சுப் போடுகிறாள் என்று சிரிக்காதே. அவள் ஏதாவது செய்துகொண்டிருக்கும்போது "கையை எடு, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லாதே. நீ நன்றாகத்தான் செய்வாய், சீக்கிரமும் செய்வாய். ஆனால் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். ஏதாவது நின்றுபோனால் புதிதாக ஒன்றை உண்டாக்கிக்கொண்டு ஓடாதே. ஏன் நின்றது என்று கேள். கேட்டுவிட்டுப் பதில் வரும் வரை வாயை மூடிக்கொண்டு இரு. அவளுக்கு அது வருகிறது. உனக்கும் வரும், கொஞ்சம் தாமதமாகும்.

இன்று காலையில் ஓனரிடம் போய், கடை காலியாகாது என்று சொல்லிவிட்டேன். டீ நான் வாங்கிக் கொடுத்தேன். பிறகு வந்து கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டை மாற்றினேன். என் பிறந்த நாள் இல்லை, தேடாதே. சுகந்தியைக் கேட்டும் பிரயோஜனம் இல்லை. எப்படி மாற்றுவது என்று மட்டும்தான் சொன்னாள், "என்ன போட்டீங்கன்னு என்கிட்டயே சொல்லாதீங்க அத்தை, உங்க ரெண்டு பேருக்கு நடுவுல நான் வரலீங்க" என்று சொல்லிவிட்டாள்.

உனக்கு உன் பெயரிலேயே ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். அதில் உள்ளே வரலாம், பிரிண்டர் ஓடுகிறதா என்று பார்க்கலாம், பக்கம் அனுப்பலாம். எதையும் மாற்ற மட்டும் முடியாது. மழை என்று கேள்விப்பட்டு மனசு கேட்காவிட்டால், முன்பு மாதிரி ஒரு சோதனைப் பக்கம் அனுப்பு. இனி அது தேங்காது, அப்போதே என் பக்கத்தில் வந்து விழும். நான் எடுத்துத் தேதியைப் பார்த்துவிட்டு, உனக்குப் போன் போட்டு, சாப்பிட்டாயா என்று கேட்பேன்.

அம்மா